கல்லச்சும் கலைஞனும்: இரவிவர்மாவின் அச்சுப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஓர் ஓவியன் தன் ஆக்கத்தைப் பலர் காணவும் பலர் வாங்கவும் விரும்புதல் இயல்பே. ஆயின் பலர் வாங்கத் தொடங்கியதும், அவன் எதன்பொருட்டு வரைந்தானோ அந்நோக்கம் என்னவாகின்றது என்ற வினாவும் உடனெழுகின்றது. கைத்தொலைபேசித் திரையிலே தம் ஓவியங்களை இட்டு, விருப்புத் தெரிவித்தோரின் தொகையை நாழிகைதோறும் எண்ணிப் பார்க்கும் இன்றைய இளம் ஓவியர்கள் இதனைத் தமக்கு மட்டுமே உரிய சங்கடம் எனக் கருதக்கூடும். அவ்வாறன்று. கிளிமானூர் இரவிவர்மா (1848-1906) இதனை நன்கு அறிந்திருந்தார். அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று.

இரவிவர்மா அரண்மனை ஆதரவில் வளர்ந்த கலைஞர். பதினான்கு வயதிலே திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாளின் அவையை அடைந்த அவர், அங்கு வந்த ஐரோப்பிய ஓவியர் ஒருவர் வரைவதை அருகிருந்து நோக்கியும், பெரும்பாலும் தம் சொந்த முயற்சியாலும் எண்ணெய் வண்ண நுட்பத்தைக் கைவரப்பெற்றார். 1873இல் வியன்னாக் கண்காட்சியிலே பரிசு பெற்றபின் அவர் புகழ் பரவியது. எனினும், அவருடைய ஓவியங்களுட் பல ஏதேனும் ஓர் அரண்மனைச் சுவருக்கே சென்றன. அச்சுவரைக் காணும் வாய்ப்பு மிகச் சிலருக்கே இருந்தது.

இந்நிலையிலேதான் திருவிதாங்கூரிலும் பின்னர் பரோடாவிலும் திவானாகப் பணியாற்றிய மாதவராவ் 1884இல் அவருக்கு ஒரு யோசனை கூறினார். ஓவியங்களை வேண்டுவோர் பலர். வரையும் கைகளோ இரண்டு. ஆகவே சிறந்த சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி, வண்ண அச்சுப் பிரதிகளாக்குக. அதனால் ஓவியரின் புகழும் பெருகும், நாட்டுக்கும் தொண்டு செய்ததாகும் என்பது அதன் சாரம். புகழையும் தொண்டையும் ஒரே மூச்சிலே இணைத்துக் கூறிய இவ்யோசனை ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. இரண்டும் ஒரே வழியிற் செல்வன என்று மாதவராவ் நம்பினார். இரவிவர்மாவும் அவ்வாறே நம்பியிருத்தல் வேண்டும்.

பரோடா மன்னருக்காக அவர் வரைந்த பதினான்கு புராண, இதிகாச ஓவியங்கள் பம்பாயிற் காட்சிக்கு வைக்கப்பட்டபோது திரளான மக்கள் வந்து கண்டனர். அவர்களுட் பலர் அதற்கு முன் எண்ணெய் ஓவியமொன்றைக் கண்டே இராதவர். 1894இல் இரவிவர்மா பம்பாயிலே தமக்கென அச்சகமொன்றை நிறுவினார். பொறிகளும் தொழில்வல்லாரும் ஜேர்மனியிலிருந்து வந்தனர். கல்கத்தாவிலும் பூனாவிலும் தெய்வப் படங்களைக் கல்லச்சிற் பதித்து விற்ற நிலையங்கள் முன்னரே இருந்தனவாயினும், நாடறிந்த ஓவியர் ஒருவர் தம் ஆக்கங்களைத் தாமே பல்லாயிரமாக்கி விற்க முற்பட்டமை புதுமையே.

அச்சு முறையையும் சிறிது அறிதல் பயன்தரும். மூல ஓவியத்தை நோக்கி, அச்சகத்துக் கைவினைஞர் அதன் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனிச் சுண்ணக்கற்களில் வரைந்துகொள்வர். ஒரு படத்துக்குப் பத்துக்கு மேற்பட்ட கற்கள் தேவைப்படுவதும் உண்டு. ஒரே தாள் அக்கற்கள் அனைத்தின்மீதும் ஒன்றன்பின் ஒன்றாக, மயிரிழை பிசகாது அழுத்தப்படும். ஈற்றிலே மெருகெண்ணெய் பூசி எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பை வருவிப்பர். ஆக, வாங்குவோன் இல்லத்தை அடைந்த படத்திலே ஓவியரின் கை நேரே படவில்லை. அவர் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது.

அச்சகம் முதலில் வெளியிட்டது ‘சகுந்தலையின் பிறப்பு’. அது ஒரு கதைக்காட்சி. இரவிவர்மாவின் நாட்டமும் கதைக்காட்சிகளிலேயே இருந்தது. முள்ளெடுக்கும் பாவனையிலே திரும்பிப் பார்க்கும் சகுந்தலையும் அன்னத்தின் தூதுமொழிக்குச் செவிசாய்க்கும் தமயந்தியும் எம்மை நோக்குவதில்லை. அவர்கள் தம் கதைக்குள்ளே வாழ்கின்றனர். ஆனால் சந்தையிலே பெரிதும் வேண்டப்பட்டவை இலக்குமியும் சரசுவதியுமே. இத்தெய்வங்கள் கதையை விட்டு வெளியே வந்து, தனித்து நின்றோ இருந்தோ, வாங்குவோனை நேர்முகமாக நோக்குகின்றன. காட்சிப்பொருளாக இருந்த ஓவியம் வழிபாட்டுப் பொருளாகிற்று. பெண்கள் அப்படங்களிலே பட்டுத்துணியும் சரிகையும் ஒட்டித் தெய்வத்துக்கு ஆடை அணிவித்தனர். இம்மாற்றத்திலே ஓவியரின் விருப்பமும் வாங்குவோரின் தேவையும் எவ்வளவு எவ்வளவு என்று பிரித்தறிதல் அரிது.

இதனைத் தாழ்ச்சி என்று கூறிவிட எனக்கு மனமில்லை. திருவிதாங்கூரிலே ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது 1936இலேயே. எமது யாழ்ப்பாணத்திலோ 1968இலும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலிலே உரிமை கோரிப் போராட வேண்டியிருந்தது. கோபுர வாயிலுக்கு அப்பாற் செல்ல விடாது தடுக்கப்பட்டவனும், சில காசு கொடுத்தால், தெய்வத்தின் திருமுகத்தைத் தன் குடிசைச் சுவரிலே நிலைபெறச் செய்யலாம் என்பது சாதாரண விடயமன்று. அச்சுத்தாள் சாதி கேட்பதில்லை. எம் வீடுகளின் சுவாமி அறைகளில் இன்றும் தொங்கும் வெண்டாமரைச் சரசுவதி இரவிவர்மா வகுத்த வடிவின் வழிவந்தவளே.

ஆயின் அச்சகத்துக்குத் தனியான ஒரு பசி உண்டு. இரவிவர்மாவும் அவருக்குத் துணைநின்ற இளவல் இராஜராஜவர்மாவும் ஓவியர்களேயன்றி வணிகர்களல்லர். 1899இல் அச்சகம் லொனாவ்லாவை அடுத்த மளவ்லிக்கு இடம்மாறியபோது கடன்சுமை ஏறியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது, படங்களை மறுபதிப்புச் செய்யும் உரிமையுடன், அங்கு பணிபுரிந்த ஜேர்மனியரான பிரிட்ஸ் சிலைஷர் என்பவருக்கு விற்கப்பட்டது. அதன்பின் எப்படத்தை அச்சிடுவது, எதற்காக அச்சிடுவது என்பன ஓவியரின் முடிவுகளாக இருக்கவில்லை. அவர் வகுத்த தெய்வங்களும் பெண்களும் நாட்காட்டிகளிலும் தீப்பெட்டிகளிலும் துணிச்சுருள் முத்திரைகளிலும் தோன்றினர். அவருடைய பெயர் முன்னெப்போதிலும் பார்க்கப் பரவலாக ஒலித்தது.

இக்காலத்திலேதான் கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்தக்குமாரசுவாமியின் கண்டனம் எழுந்தது. 1907இல் ‘மொடேர்ன் றிவியூ’ இதழில் அவர் இரவிவர்மாவின் ஓவியங்களைக் கடுமையாக விமர்சித்தார். அவற்றிலே நாடக மேடைப் பாங்கு உண்டு, ஆழ்ந்த கற்பனை இல்லை, இந்திய உணர்வு இல்லை என்பது அவர் கருத்து. இந்திய வாழ்வை மேலோட்டமாகப் பயின்ற ஐரோப்பிய மாணவன் ஒருவனும் இவ்வாறு வரைந்துவிடலாம் என்றார்.

கண்டித்தவர் அக்காலத்திற் செய்துகொண்டிருந்த பணியோ இதற்கு நேர்மாறானது. இங்கிலாந்தின் புறோட் கம்டன் கிராமத்திலே, வில்லியம் மொறிசின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்துக்குரியதாயிருந்த கைப்பொறியில், 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை பதினைந்து மாதங்கள் தம் மேற்பார்வையிலேயே ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலை அச்சிடுவித்தார். பிரதிகள் 425 மாத்திரமே. இயந்திரமும் வணிகமும் கைவினைஞனை அழித்தன என்பது அந்நூலின் அடிப்படைத் துயரம். அத்துயரத்துக்கு இசைவாகவே நூலும் கையாலே அச்சாயிற்று. நோக்கத்தின் தூய்மையிலே இதற்கு நிகர் கூறல் கடினம். ஆனால் அந்நூல் யாருடைய வாழ்வைக் கூறிற்றோ அந்தக் கண்டிக் கைவினைஞருள் எத்தனை பேர் அதனைக் கண்டிருக்க முடியும்? மக்களுக்கான கலையை வேண்டிய மொறிசின் ஆக்கங்களும் செல்வர் இல்லங்களுக்கே சென்றன என்பதை இவ்விடத்து நினையாதிருக்க இயலவில்லை.

இவ்விருவருள் எவர் சரி என்று கேட்பது, எத்தனை பிரதிகள் என்று எண்ணுவதிலே போய் முடியும். நான் முக்கியமாகக் கருதுவது வேறு: அடுத்த படம் யாது என்பதை முடிவு செய்பவர் யார்? குமாரசுவாமியிடம் அவ்வதிகாரம் இறுதிவரை இருந்தது. அதற்கு விலையாக வாசகரை இழந்தார். இரவிவர்மாவிடம் 1894இல் அது இருந்தது. கற்களை விற்ற அன்று அதுவும் உடன் சென்றது. மக்களை நாடியது அவர் தவறாகாது. மக்களை அடையும் வழி முழுவதையும் கடனிலே கட்டியமையே அவருக்கு வினையாயிற்று.

குமாரசுவாமியின் நூல் 1956இல் நியூயோர்க்கிலே மறுபதிப்பாகி, அவர் கண்டித்த இயந்திரத்தின் துணையாலேயே பல்கலைக்கழக நூலகங்களை வந்தடைந்தது. மளவ்லி அச்சகம் 1972இல் தீக்கிரையாயிற்று. அப்போது இரவிவர்மா மறைந்து அறுபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருடைய இலக்குமியை வேறு அச்சகங்கள் அச்சிட்டுக்கொண்டிருந்தன.