கொங்கின் மின்கணக்கு: பைக்காரா முதல் கணினிப் பெட்டி வரை

நீலகிரியின் பைக்காரா ஆற்று நீர் சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து இரும்புக் குழாய்களில் இறங்கி, சிங்காராவில் இருந்த டர்பைன்களைச் சுழற்றத் தொடங்கிய ஆண்டு 1932. அந்த மின்சாரம் மலையை விட்டு இறங்கிச் சேர்ந்த முதல் பெரிய ஊர்களில் ஒன்று கோயம்புத்தூர். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலைக் காலத்திலிருந்து அங்கே நூற்பாலைகள் நீராவியை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. நிலக்கரி ரயிலில் வர வேண்டும், கொதிகலன் ஒரு நாளும் அணையக் கூடாது. கம்பி வழியே சக்தி வந்ததும் அந்தக் கவலை தீர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் புகைபோக்கிகள் வரிசையாக எழுந்தன.

ஆலைகளைவிடக் கிணறுகளில்தான் பெரிய மாற்றம் வந்தது. மழை குறைந்த கொங்கு மண்ணில் பாறையைக் குடைந்து வெட்டிய கிணறுகளிலிருந்து காளைகளைப் பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தவர்கள், மோட்டாரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? கிணறு எத்தனை அடி? குழாய் எத்தனை அங்குலம்? தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 25 அடிக்குள் பம்பை வைக்காவிட்டால் அது நீரை உறிஞ்சாது என்பதால், கிணற்றுச் சுவரிலேயே மேடை கட்டி மோட்டாரை இறக்கினார்கள். வாங்குகிற பொருளின் திறனையும் செய்ய வேண்டிய வேலையின் அளவையும் பொருத்திப் பார்க்கிற பழக்கம் இந்தப் பகுதிக்கு அப்படித்தான் படிந்தது.

கணக்குப் பார்க்கத் தெரிந்த வாங்குபவர்கள் இருந்த இடத்தில் செய்பவர்களும் உருவானார்கள். 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் பம்புகள் செய்தது. இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று பெயர்பெற்ற மோட்டார் 1937இல் இங்கேதான் பிறந்தது. அதை உருவாக்கியவர் டி. பாலசுந்தரம் நாயுடு, துணை நின்றவர் ஜி.டி. நாயுடு. பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைக் கட்டினார். அந்த மோட்டாருக்குப் பின்னே வார்ப்படச் சாலைகள், லேத் பட்டறைகள், காயில் கட்டும் கடைகள் என்று ஒரு தொழில் உலகமே விரிந்தது.

காயில் கட்டும் கடைகளுக்குத் தனி வரலாறு உண்டு. மோட்டாரின் மேலே ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்ட், ஆம்பியர், குதிரைத்திறன், சுற்று வேகம் எல்லாம் பொறித்திருக்கும். ஆனால் தோட்டத்துக் கம்பியின் கடைசி முனையில் இருக்கிற கிணற்றுக்குத் தகட்டில் எழுதிய வோல்டேஜ் வந்து சேருவதில்லை. அழுத்தம் குறைந்தால் மோட்டார் அதே சுமையைத் தள்ள அதிக ஆம்பியர் இழுக்கும், சூடேறும், காயில் கருகும். ஸ்டார்ட் ஆகிற நொடியில் இன்னும் மோசம்: வழக்கமான ஓட்டத்தைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டம் பாயும். பெரிய மோட்டார்களுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைப்பது இந்தப் பாய்ச்சலைத் தணிக்கத்தான். குறைந்த வோல்டேஜுக்கு ஏற்றபடி காயிலை மாற்றிக் கட்டித் தருகிற மெக்கானிக்கைத் தேடி விவசாயிகள் போனார்கள். தகட்டில் எழுதியது ஒன்று, லைனில் வருவது வேறு என்று அவர்களுக்குப் பாடம் சொன்னது கருகிய செம்புக் கம்பிதான்.

மின்சாரம் இந்த வட்டாரத்தின் அரசியலாகவும் ஆனது. 1957இல் தமிழ்நாடு மின்சார வாரியம் உருவானபின் கிராமங்களுக்கு இணைப்பு வேகமாகப் பரவியது. 1970இல் யூனிட் கட்டணத்தை உயர்த்தியபோது நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1972இல் கோவை நகரத் தெருக்களை மாட்டு வண்டிகள் அடைத்து நின்றன. பின்னர் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. நிலத்தடி நீரோ இறங்கிக்கொண்டே போனது. 3 குதிரைத்திறன் 5 ஆனது, 5 என்பது 7.5 ஆனது, கிணறு போய் ஆழ்துளையும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்தன. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் பழையதாகவே இருந்த இடங்களில் ஊரே சேர்ந்து குறைந்த வோல்டேஜை அனுபவித்தது. ஒருவர் தன் சுமையைக் கூட்டும்போது பின்னால் இருக்கிற வழங்கலும் கூட வேண்டும் என்பதை அந்த டிரான்ஸ்ஃபார்மர்கள் உரக்கச் சொல்லின.

இப்படிப்பட்ட லைனில்தான் கணினி வந்து அமர்ந்தது.

1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் ஆலைகளின் கணக்குப் பிரிவுகளிலும் திருப்பூர் பனியன் ஏற்றுமதி அலுவலகங்களிலும் மேசைக் கணினிகள் நுழைந்தன. அவற்றின் உள்ளே இருந்த மின்வழங்கிக்கு இங்கே எல்லோரும் சொல்கிற பெயர் எஸ்.எம்.பி.எஸ். பழைய முறையில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேரடியாகக் குறைக்கக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். வேறு வழியில் போகிறது. 230 வோல்ட்டை முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புவதால் உள்ளங்கையில் அடங்கும் டிரான்ஸ்ஃபார்மரே போதுமாகிறது. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் இந்த வகை மின்வழங்கியை வடிவமைத்தார். 1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் பி.சி.க்கு 63.5 வாட் மின்வழங்கியே போதுமாக இருந்தது.

பிறகு சுமை ஏறியது. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அமைப்பு, எந்த நிறுவனத்தின் மின்வழங்கியையும் எந்தப் பெட்டியிலும் பொருத்த வழி செய்தது. பெண்டியம் 4 வந்த காலத்தில் பிராசஸருக்கான சக்தி 12 வோல்ட் லைனுக்கு மாறியது, அதற்கென்று தனியே நான்கு முனைக் கனெக்டர் வந்தது. இன்றைய கணினியில் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட் லைனையே குடிக்கின்றன.

அசெம்பிள் செய்த கணினிகளின் பொற்காலத்தில் கேபினெட்டோடு எஸ்.எம்.பி.எஸ். சேர்ந்தே வந்தது. மேலே '450 வாட்' என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கணினிக்கு 100 வாட் கூடத் தேவைப்படாததால் அந்த எண்ணை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. வீடியோ எடிட்டிங்குக்கோ, பனியன் டிசைனுக்கோ, முப்பரிமாண வரைபடத்துக்கோ நல்ல கார்டு ஒன்றைச் செருகிய நாளில்தான் பெட்டி தானாக அணைந்து போகும். ஸ்டிக்கரின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அட்டவணையைப் பார்த்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும். 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12ஐ 16ஆல் பெருக்கினால் வருவது 192 வாட். மேலே எழுதிய 450இல் பிராசஸருக்கும் கார்டுக்கும் உண்மையில் உதவுவது அவ்வளவுதான்.

மின்வெட்டுக் காலம் இன்னொரு பாடத்தைச் சேர்த்தது. 2008இல் தொடங்கிய பற்றாக்குறை 2012இல் உச்சம் தொட்டபோது கொங்கு மாவட்டங்களில் ஒரு நாளில் 12 மணிநேரத்தையும் தாண்டி மின்சாரம் இல்லாமல் போனது. வார்ப்படச் சாலைகளும் ஜாப் ஒர்க் பட்டறைகளும் டீசலுக்குப் பணத்தைக் கொட்டின. வீடுகளில் இன்வெர்ட்டர் வந்தது. கரண்ட் போனதும் விளக்கு எரிந்தது, கணினியோ அணைந்து மறுபடி கிளம்பியது. முழுச் சுமையில் ஓடும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று கரண்ட் நின்றபின் சுமார் 16 மில்லி விநாடி வரை தாக்குப்பிடிக்கும். யு.பி.எஸ். 10 மில்லி விநாடிக்குள் பேட்டரிக்குக் கைமாற்றிவிடும். வீட்டு இன்வெர்ட்டரைச் சாதாரண நிலையில் வைத்திருந்தால் அதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். அதன் பின்புறத்தில் யு.பி.எஸ். நிலைக்கு மாற்ற ஒரு சுவிட்ச் இருப்பதைப் பலர் அப்போதுதான் கவனித்தார்கள்.

இந்த அனுபவமெல்லாம் இன்று கணினியை மேம்படுத்துகிறவருக்கு அப்படியே உதவும். இன்டெல் ஐ5-12400 பிராசஸர் அதிகபட்சம் 117 வாட் இழுக்கும். என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4070 கார்டு 200 வாட். மதர்போர்டு, நினைவகம், டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்கும் 60 வாட் சேர்த்தால் மொத்தம் 380 வாட் பக்கம் வரும். ஆனாலும் இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். காரணம், கிணற்று மோட்டார் ஸ்டார்ட் ஆவதுபோல் கிராஃபிக்ஸ் கார்டும் மில்லி விநாடிக்கும் குறைந்த நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டிப் பாயும். 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதிகள், இத்தகைய குறும்பாய்ச்சலை மின்வழங்கி தாங்க வேண்டும் என்றே வகுக்கப்பட்டவை.

2004இல் தொடங்கிய '80 பிளஸ்' முத்திரையைப் பலர் தரத்துக்கான சான்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது சொல்வது செயல்திறனை மட்டும். அதன் படிநிலைகளில், பாதிச் சுமையில் பிரான்ஸ் (வெண்கலம்) 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம். உள்ளே 380 வாட் வேண்டுமென்றால் பிரான்ஸ் அளவு செயல்திறனில் சுவரிலிருந்து 447 வாட்டும், கோல்டு அளவில் 422 வாட்டும் போகும். தினம் 8 மணிநேரம் இதே சுமையில் வேலை நடக்கிற டிசைன் அலுவலகத்தில் 300 நாளில் ஒரு கணினிக்கு 60 யூனிட் மிச்சமாகும். எப்போதாவது ஓடும் வீட்டுக் கணினியில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அங்கே பிரான்ஸிலேயே நல்ல தயாரிப்பு போதும்.

எஸ்.எம்.பி.எஸ். மாறும்போது யு.பி.எஸ்.ஸையும் பார்க்க வேண்டும். கடைகளில் அதிகம் விற்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறத்தாழ 360 வாட்தான் தரும். சுவரிலிருந்து 440 வாட் இழுக்கும் கணினியை அது தாங்காது, 1,000 வி.ஏ.க்கு மேல் போயாக வேண்டும். இன்றைய எஸ்.எம்.பி.எஸ்.களில் சில, மலிவான யு.பி.எஸ். தருகிற சதுர அலையை ஏற்காமல் மல்லுக்கட்டும் என்பதால் ப்யூர் சைன் வேவ் வகை பாதுகாப்பானது. எர்த் இன்னொரு விஷயம். எர்த் சரியில்லாத வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கோளாறு என்று நினைத்து அதை மாற்றுகிறவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் வடிகட்டிக் கண்டன்ஸர்கள் எர்த்தைத் தேடுகின்றன, அது கிடைக்காததால் உடம்பில் தெரிகிறது. பாறையும் சுண்ணாம்புக் கல்லும் நிறைந்த கொங்கு மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். கரியும் உப்பும் போட்டு நீர் ஊற்றிப் பேணுகிற பழைய வழக்கம் கணினி அறைக்கும் பொருந்தும்.

கோவையில் பம்பு விற்கும் கடையில் பில் போடும்போது குதிரைத்திறன், ஃபேஸ், குழாய் அளவு எல்லாவற்றையும் எழுதித் தருகிறார்கள், வாங்குகிறவரும் அதைக் கேட்டு வாங்குகிறார். கணினிக் கடையின் பில்லில் பெரும்பாலும் 'எஸ்.எம்.பி.எஸ். 1' என்றே இருக்கிறது. 12 வோல்ட் லைனின் ஆம்பியர், வாரண்டி ஆண்டுகள், அதிகச் சுமைக்கும் ஷார்ட்டுக்கும் தானாக அணையும் பாதுகாப்பு உண்டா என்ற மூன்று விவரங்களும் அந்தப் பில்லில் இடம்பெற வேண்டும். மோட்டார் தகட்டைப் படித்துப் பழகிய ஊரில் இதைக் கேட்டு வாங்குவது ஒன்றும் புதிய வேலை அல்ல. விற்கிறவர் எழுதித் தரத் தயங்கினாலும், பெட்டியின் பக்கவாட்டில் அந்த அட்டவணை அச்சாகியிருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் படித்து, ஆம்பியரை 12ஆல் பெருக்கிப் பார்த்துவிடலாம்.