பெயரற்ற முகமும் பெயருள்ள முகமும்: விளிம்புநிலை மக்களின் உருவப்படங்களில் படக்குறிப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

விளிம்புநிலை மக்களின் ஒளிப்படங்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் படத்தின் அமைப்பு, ஒளி, பார்வைக்கோணம் ஆகியவற்றையே கருத்திற் கொள்கின்றன. படத்தின் அடியில் அச்சிடப்படும் குறிப்பு போதிய கவனம் பெறுவதில்லை. திருவிதாங்கூர்க் காணிக்காரர் முதல் தமிழகத் தூய்மைப் பணியாளர் வரையிலான உருவப்படங்களில் பெயர் இடம்பெற்றதையும் விடுபட்டதையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டயான் ஆர்பஸ், மதுரை ஒளிப்படக் கலைஞர் மு. பழனிக்குமார் ஆகியோரின் பணிகள் இதற்கு முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒளிப்படம், படக்குறிப்பு, காணிக்காரர், டயான் ஆர்பஸ், பழனிக்குமார், விளிம்புநிலை மக்கள்

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் திற்பரப்பில் கோதையாறு அருவியாக விழுகிறது. அருவிக்கரையிலுள்ள மகாதேவர் கோயில், மகா சிவராத்திரியை ஒட்டி அடியவர்கள் ஓடிச் சென்று வழிபடும் பன்னிரு சிவாலயங்களுள் ஒன்றாகும். ஆற்றின் மேற்பகுதியில் பேச்சிப்பாறை அணையும் அதனைச் சூழ்ந்த மலைக்காடுகளும் உள்ளன. அக்காடுகளில் காணிக்காரர் என்னும் பழங்குடியினர் வாழ்ந்து வருகின்றனர். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணைக்கப்படும் வரை இப்பகுதி திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது.

கோயிலின் வரலாறு கல்வெட்டுகளில் எழுதப்பட்டது. மலைமக்களின் உருவமோ ஒளிப்படக் கருவியின் வழியாகவே எழுத்துலகிற்கு வந்து சேர்ந்தது. அவ்வாறு வந்து சேர்ந்த முகங்களுக்குப் பெயர் இருந்ததா என்னும் வினாவிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

இனவரைவியலும் மாதிரி முகங்களும்

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், ஆளப்படும் மக்களை வகைப்படுத்தி அறியும் முயற்சியை ஆங்கிலேய அரசு தீவிரப்படுத்தியது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் நூல் இம்முயற்சியின் விளைவாகும். ஃபோர்ப்ஸ் வாட்சன், ஜான் வில்லியம் கே ஆகியோர் தொகுத்த அந்நூலில் 400க்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் உள்ளன. பெரும்பாலான படங்களின் கீழ் இனமும் இடமும் குறிக்கப்பட்டன. ஒருவரின் உருவம் அவர் சார்ந்த குழு முழுவதற்குமான மாதிரியாகக் கொள்ளப்பட்டது.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், இம்மரபுடன் உடலளவை முறையையும் இணைத்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலில் காணிக்காரரின் உயரமும் மூக்களவும் பதிவாயின. திருவிதாங்கூர் இனவரைவியல் பணிக்குப் பொறுப்பேற்ற எல். ஏ. கிருஷ்ண ஐயர், 1937 முதல் 1941 வரை மூன்று தொகுதிகளை வெளியிட்டார். காணிக்காரரின் குடியிருப்பு, வேளாண்மை, சடங்குகள் ஆகியவை அவற்றில் ஒளிப்படங்களுடன் விவரிக்கப்பட்டன. இவை இன்றும் ஆய்வாளர்க்குத் தவிர்க்க இயலாத தரவுகளாகும். எனினும் படத்தில் நிற்பவர் ‘காணிக்காரர்’ என்ற அளவிலேயே அறியப்படுகிறார்.

இக்காலத்திலேயே பெயருடன் கூடிய உருவப்பட மரபும் திருவிதாங்கூரில் வளர்ந்திருந்தது. ரவிவர்மா (1848–1906) வரைந்த அரச குடும்பத்தினரின் ஓவியங்கள் பெயராலும் பட்டத்தாலும் அறியப்பட்டன. எனவே காணிக்காரரின் பெயர் விடுபட்டதைக் காலத்தின் பொது வழக்கு என்று மட்டும் கூறிவிட இயலாது. யாருடைய முகம் தனியாள் முகம், யாருடைய முகம் குழுவின் மாதிரி என்னும் படிநிலை படக்குறிப்பிலேயே செயற்பட்டது.

டயான் ஆர்பஸ்: மரபு மீறலும் அதன் எல்லையும்

மாதிரி முகம் என்னும் கருத்தை உடைத்தவராக உலக ஒளிப்பட வரலாற்றில் பெரிதும் பேசப்படுபவர் நியூயார்க் நகரைச் சேர்ந்த டயான் ஆர்பஸ் (1923–1971). திருவிதாங்கூர் மரபுடன் அவருக்கு நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் அம்மரபுக்கு மாற்றாகக் கருதப்படும் பார்வை பெயர் தொடர்பில் எவ்வளவு தூரம் விலகியது என்பதை அறிய அவருடைய படங்கள் உதவுகின்றன.

ஆர்பஸ் 1960களில் சதுரவடிவப் படம் தரும் ஒளிப்படக் கருவிக்கு மாறினார். வேடிக்கைக் காட்சிக் கலைஞர்கள், குள்ள உருவினர், பெண்ணுடை தரித்த ஆண்கள், அறிவுசார் குறைபாடுடையோர் ஆகியோரை நேர் எதிரே நின்று படமெடுத்தார். படத்திலிருப்பவரும் பார்வையாளரை நேராக நோக்கினார். 1967இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஜான் சர்கோவ்ஸ்கி அமைத்த ‘புதிய ஆவணங்கள்’ கண்காட்சி அவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. அவர் மறைவுக்குப் பின், 1972இல் வெனிஸ் இருபதாண்டு விழா அல்லாத, இரண்டாண்டுக்கு ஒருமுறை நிகழும் கலைவிழாவில் அவருடைய படங்கள் இடம்பெற்றன. இப்படங்கள் பிறர் துன்பத்தைப் பரிவின்றித் தொலைவிலிருந்து காண்பவை என 1977இல் வெளிவந்த நூலில் சூசன் சொன்டாக் கடுமையாக விமர்சித்தார்.

பரிவு உண்டா இல்லையா என்ற அவ்விவாதம் இன்றும் முடியவில்லை. படக்குறிப்பை நோக்கினால் வேறொரு செய்தி புலப்படும். 1970இல் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற படமொன்றில் மிக உயர்ந்த உருவமுடைய மகன் தாய் தந்தையரைக் குனிந்து நோக்குகிறார். அவர் எடி கார்மெல். ஆர்பஸுக்குப் பத்தாண்டுக் காலப் பழக்கமுடையவர். ஆயினும் படத்தின் தலைப்பு அவரை ‘யூத ராட்சதர்’ என்றே குறிக்கிறது. 1969 முதல் 1971 வரை நியூஜெர்சி காப்பகங்களில் வாழ்ந்தோரை எடுத்த இறுதி வரிசையோ ‘தலைப்பற்றவை’ என்றே வழங்குகிறது. நிற்கும் முறையிலும் நெருக்கத்திலும் ஆர்பஸ் பழைய மரபை மீறினார். தலைப்பில் மாதிரி மனிதர் என்னும் பழைய வழக்கு எஞ்சி நின்றது.

மோனா அகமது: மறுப்பும் பெயரும்

இவ்வழக்கிலிருந்து விலகிய இந்திய முன்னுதாரணம் தயானிதா சிங்கின் பணியாகும். 1989இல் இலண்டன் நாளிதழ் ஒன்றிற்காகத் தில்லித் திருநங்கையரைப் படமெடுக்கச் சென்ற அவர், மோனா அகமதுவைச் சந்தித்தார். படங்கள் இலண்டனில் வெளியாகும் என்றறிந்த மோனா, படச்சுருளைத் திருப்பிக் கேட்டார். தயானிதா அதனைக் கொடுத்துவிட்டார். அன்று தொடங்கிய நட்பு 2001இல் ‘நான் மோனா அகமது’ என்னும் பொருளுடைய தலைப்பில் நூலாயிற்று. நூலின் உரைப்பகுதி, பதிப்பாளருக்கு மோனா அனுப்பிய மின்னஞ்சல்களால் அமைந்தது.

இங்கு இரு செய்திகள் கருதத்தக்கவை. படமெடுக்கப்படுபவருக்கு மறுக்கும் உரிமை இருந்தது. அவ்வுரிமை மதிக்கப்பட்ட பின்னரே பெயர் வந்தது. பெயரிடுதல் என்பது ஒப்புதலின் பின் நிகழவேண்டிய செயல் என்பதை இது உணர்த்துகிறது.

பழனிக்குமார்: பெயர் சான்றாதல்

மதுரையைச் சேர்ந்த மு. பழனிக்குமார், மீன் விற்கும் தாயின் மகன். தாயின் உழைப்பையும் அவர் படங்களாக்கியுள்ளார். 2017இல் வெளிவந்த, திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவரே. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமையைத் தமிழகமெங்கும் பதிவுசெய்த அப்பணியின் தொடர்ச்சியாக, தூய்மைப் பணியாளரின் குழந்தைகளைப் பற்றிய ‘நானும் ஒரு குழந்தை’ கண்காட்சியையும் நடத்தினார். பின்னர் பி. சாய்நாத் நிறுவி 2014 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘பாரி’ என்னும் ஊரக மக்கள் ஆவணக் காப்பகத்தின் ஒளிப்படக் கலைஞரானார். 2022இல் முதலாவது தயானிதா சிங் – பாரி விருது அவருக்கு வழங்கப்பட்டது.

கழிவுநீர்த் தொட்டியில் இறந்தோர் தொடர்பில் பெயருக்குச் சட்ட மதிப்பும் உண்டு. இப்பணியைத் தடைசெய்யும் சட்டங்கள் 1993இலும் 2013இலும் இயற்றப்பட்டன. 1993 முதல் இறந்தோரின் குடும்பங்களைக் கண்டறிந்து தலா 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இறந்தவர் இன்னார் என நிறுவப்படாத குடும்பத்திற்கு இழப்பீடு இல்லை. இச்சூழலில் பெயரும் ஊரும் உறவும் தாங்கிய உருவப்படம் மறுக்கவியலாத சான்றாகிறது.

‘பாரி’யின் ‘முகங்கள்’ பகுதி நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் முகங்களைத் திரட்டுகிறது. நாடு முழுவதையும் முகங்களால் நிரப்பும் அவா 1868ஆம் ஆண்டுத் தொகுதிகளுக்கும் இருந்தது. ஆனால் இங்குப் பெயர் முதலில் வருகிறது. தொழிலும் ஊரும் மாவட்டமும் அதனைத் தொடர்கின்றன. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் பழனிக்குமார் அளித்துவரும் ஒளிப்படப் பயிற்சியோ இன்னும் ஒரு படி கடக்கிறது. கருவியே படமெடுக்கப்பட்டோரின் கைக்கு மாறுகிறது.

பெயரிடுதலால் தீங்கு நேரவும் கூடும். பணியிடத்தில் பழிவாங்கப்படுவோரும் சாதி அடையாளம் வெளிப்படுவதை விரும்பாதோரும் உள்ளனர். ஆகவே எல்லாப் படத்திலும் பெயர் இருந்தே தீரவேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு அன்று. பெயரை வெளியிடுவதா மறைப்பதா என்னும் முடிவு படத்திலிருப்பவருக்கு உரியது. ஒருவர் கேட்டுக்கொண்டதால் மறைக்கப்பட்ட பெயரும், எவரும் கேளாததால் விடுபட்ட பெயரும் ஒன்றாகா.

முடிவுரை

விளிம்புநிலை மக்களின் உருவப்பட வரலாற்றில் பார்வைக்கோணத்தின் மாற்றம் ஒரு கட்டம். படக்குறிப்பின் மாற்றம் மற்றொரு கட்டம். ஆர்பஸ் முதலாவதை நிகழ்த்தினார். மோனா அகமதுவின் நூலும் பழனிக்குமாரின் பணியும் இரண்டாவதை நிகழ்த்தின.

இவ்வேறுபாடு தமிழ் ஆய்வுலகிற்கு ஒரு பொறுப்பைச் சுட்டுகிறது. இனவரைவியல் தொகுதிகளின் படங்களை ஆய்வேடுகளில் எடுத்தாளும்போது, பழைய குறிப்பும் உடன் மறுபதிப்பாகிறது. 1937ஆம் ஆண்டுத் தொகுதிக்கும் இன்றைக்கும் இடையே மூன்று தலைமுறைகளே உள்ளன. திற்பரப்பிலிருந்து மலையேறினால் காணிக் குடியிருப்புகளை அடையலாம். அப்படங்களின் படிகளை அங்குள்ள முதியோரிடம் காட்டி உறவும் பெயரும் கேட்டறிதல் இன்னும் இயலக்கூடிய களப்பணியாகும். அம்முதியோரின் காலத்திற்குப் பின் அது இயலாது.