மாவுப் புளிப்பில் வெப்பநிலை அளவீடு

மாவுப் புளிப்பில் வெப்பநிலை அளவீடு என்பது, அரைத்த இட்லி, தோசை மாவு பொங்கிப் புளிக்கும் நேரத்தில் அதன் உட்சூட்டை வெப்பமானி கொண்டு அறியும் முறை. வீட்டில் இது கைப்பக்குவத்துக்கு விடப்படுகிறது. பாக்கெட் மாவு விற்பவர்களுக்கும் டிபன் கடைகளுக்கும் அப்படி விட முடியாது. மாவின் தரமும் உண்பவர் உடல்நலமும் இதைச் சார்ந்திருக்கின்றன. கோவை மாவட்டம் சூலூர் வட்டத்தில், சேலம் நெடுஞ்சாலையில் அமைந்த விசைத்தறி ஊரான கருமத்தம்பட்டியையும் அதைச் சுற்றிய கொங்கு வட்டாரத்தையும் வைத்து இக்கட்டுரை இம்முறையை விளக்குகிறது.

புளிப்பு நடக்கும் விதம்

இட்லி மாவில் வழக்கமாக ஈஸ்ட் சேர்ப்பதில்லை. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாக ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியங்களே வேலையைத் தொடங்குகின்றன. அவற்றுள் முதன்மையானது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ். மாவு எழும்புவதற்குத் தேவையான கரியமில வாயுவைத் தருவது இதுவே என்பதை ஸ்டைன்கிராஸ் உள்ளிட்டோர் 1965இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உளுந்தின் புரதமும் வழுவழுப்பான கூட்டுச்சர்க்கரையும் அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு உப்புகிறது. கூடவே அமிலம் சேர்ந்து, 6க்கு மேல் இருந்த, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு 5க்கும் கீழே இறங்குகிறது.

லியூகோனோஸ்டாக் 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக வளரும். ஆய்வகங்களில் இட்லி மாவைப் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே புளிக்க வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் 8 முதல் 14 மணி நேரத்தில் மாவு பக்குவமாகிவிடும். 20 டிகிரிக்குக் கீழே போனால் விடிந்த பிறகும் மாவு பொங்காமல் கிடக்கும். 35 டிகிரியைத் தாண்டினால் வாயு தரும் இனத்தை அமிலம் மட்டுமே தரும் இனங்கள் முந்திக்கொள்ளும். மாவு எழும்பும் முன்பே புளித்துவிடும். கோடையில் இட்லி தட்டையாகவும் புளிப்பாகவும் வருவதற்குக் காரணம் இதுவே.

கொங்கு வட்டாரத்தின் நிலை

கோவைப் பகுதி கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு. பங்குனி, சித்திரைப் பகல்களில் 35 டிகிரிக்கு மேல் ஏறும். தகரக் கூரை போட்ட அறையில் சூடு இன்னும் கூடும். ஒரே அளவு உப்பு, ஒரே நேரம் என்று ஆண்டு முழுவதும் ஒரே கணக்கை வைத்திருந்தால் மாவு ஒரே மாதிரி வராது.

அரைக்கும் கருவியும் சூட்டைக் கூட்டும். வெட் கிரைண்டர் கோவையில் 1955இல் பி. சபாபதியால் உருவாக்கப்பட்டது. பின்னர் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றது. கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு அதிகம் சூடேறாது. மிக்ஸியின் பிளேடு வேகமாகச் சுழல்வதால் மாவு சில நிமிடங்களிலேயே கதகதப்பாகிவிடும். கோடையில் ஐஸ் தண்ணீர் விட்டு உளுந்து ஆட்டும் வழக்கம் இதற்கான சரியான மாற்று. 20 லிட்டர் பாத்திரத்தின் நடுவில் தங்கிய சூடு எளிதில் வெளியேறாது. அதனால் சுவரில் மாட்டிய வெப்பமானி காட்டும் எண்ணும் மாவின் உட்சூடும் வேறுபடும். அளக்க வேண்டியது மாவைத்தான்.

வெப்பமானி வகைகள்

வீட்டுக்கும் கடைக்கும் ஏற்றது, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியின் முனையில் உணரி பதித்த டிஜிட்டல் உணவு வெப்பமானி. பாத்திரத்திலேயே விட்டு இரவு முழுவதும் கண்காணிக்க வேண்டுமானால் நீர்புகா உறையிட்ட மின்னணு உணரி உதவும். பரவலாகக் கிடைக்கும் டி.எஸ்.18பி20 உணரி, மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரி பிழை வரம்புக்குள் காட்டும்.

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அதன் அளவு வழக்கமாக 32 டிகிரியில்தான் தொடங்கும். மாவுக்கு உகந்த சூடோ அதற்கும் கீழே இருக்கிறது. நெற்றிக்கு நேரே பிடிக்கும் அகச்சிவப்புக் கருவி மேற்பரப்பை மட்டுமே காணும். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தை நோக்கிப் பிடித்தால் தவறான எண்ணையே தரும்.

சரிபார்த்தல்

புதிதாக வாங்கிய வெப்பமானியையும் சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும். ஒரு டம்ளர் நிறைய உடைத்த ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் வரை நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்கி, இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். உணரி முனை டம்ளரின் பக்கத்தையும் அடியையும் தொடாமல் நடுவில் நிற்க வேண்டும். எண் அசையாமல் நின்றதும் 0 காட்டினால் கருவி சரி. 1 காட்டினால் அந்த 1 டிகிரியைக் கருவியின் மேல் எழுதி ஒட்டி, ஒவ்வொரு அளவிலும் கழித்துக்கொள்ளலாம்.

கொதிநீரை வைத்துச் சரிபார்ப்பவர்கள் ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். கோவை வட்டாரத்தில் நீர் 98.5 முதல் 99 டிகிரிக்குள் கொதித்துவிடும். உதகையில் 93 டிகிரிக்கும் சற்றுக் குறைவு. 100 காட்டவில்லை என்பதற்காகக் கருவியைக் குறை சொல்லக் கூடாது. மாவுக்கு ஐஸ் சோதனையே போதும். புளிப்பு நடக்கும் சூட்டுக்கு அருகில் இருப்பதும் அதுதான்.

அளக்கும் முறை

மாவைக் கரைத்து உப்புப் போட்டவுடன் முதல் அளவு எடுக்க வேண்டும். உணரி பாத்திரத்தின் நடுவிலும் மாவின் பாதி ஆழத்திலும் இருக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் பாத்திரத்தின் சூடுதான் தெரியும். எண் நின்ற பின்பே குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து நான்கு மணி நேரம் கழித்து ஒரு முறை, மாவு பொங்கி முடித்ததும் ஒரு முறை. பொங்கிய மாவைக் கிளறினால் வாயு போய்விடும் என்பதால் உணரியை மெதுவாக, நேராக இறக்க வேண்டும். சூடு கூடுதலாக இருந்தால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைக்கலாம். குறைவாக இருந்தால் வெதுவெதுப்பான நீர் நிறைந்த பெரிய பாத்திரத்துக்குள் வைக்கலாம்.

பாதுகாப்பு

பாதரசம் நிரப்பிய கண்ணாடி வெப்பமானியை உணவில் வைக்கக் கூடாது. உடைந்தால் அந்த மாவை முழுவதும் அகற்றுவதைத் தவிர வழியில்லை. தமிழ்நாடு இந்த ஆபத்தை நேரில் கண்டிருக்கிறது. கொடைக்கானலில் இயங்கிய இந்துஸ்தான் லீவர் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டதையடுத்து 2001இல் மூடப்பட்டது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவானது. இந்தியா அதை 2018இல் ஏற்றது.

உணரிக் கம்பியை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவித் துடைக்க வேண்டும். கடைகளில் பேட்டரியில் இயங்கும் கருவியே நல்லது. ஈரத் தரையில் மின்கம்பி இழுப்பது ஆபத்து. மாவை இறுக மூடிய பாட்டிலில் புளிக்க விடக் கூடாது. வாயு அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கலாம். பொங்கி முடித்த மாவு 5 டிகிரிக்கும் கீழே உள்ள குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். 5க்கும் 60க்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கெடுதல் செய்யும் கிருமிகள் பெருகுகின்றன. அரிசியோடு வரக்கூடிய பேசிலஸ் சீரியஸ் கிருமியை அமிலம் ஓரளவு அடக்கினாலும், அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

பீர்த் தொழிலிலிருந்து வந்த பாடம்

புளிப்பில் வெப்பமானியின் பயனை முதலில் எழுதி வைத்தவர்களுள் ஒருவர் லண்டன் பீர்த் தயாரிப்பாளர் மைக்கேல் கோம்ப்ரூன். அவருடைய விரிவான நூல் 1762இல் வந்தது. வாற்கோதுமைச் சாற்றில் ஈஸ்ட் வேலை செய்யும்போது வெப்பம் வெளிப்படுவதால், சாறு அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சூடேறும். ஏல் வகைக்கு 18 முதல் 22 டிகிரியும் லாகர் வகைக்கு 8 முதல் 13 டிகிரியும் தேவைப்படுவதால், சாற்றுக்குள்ளேயே உணரியை இறக்கி அளக்கிறார்கள். மாவுக் கடைகளும் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே. இன்று மாவின் புளிப்பை அளக்கும் பி.எச். அளவுமுறையும் 1909இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேதியியலாளர் சோரன்சென் வகுத்தது.

மாவு விற்பவர் ஒவ்வொருவரும் ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அரைத்த நேரம், முதல் சூடு, பொங்கிய நேரம், குளிர்பெட்டியில் வைத்த நேரம் ஆகிய நான்கையும் நாள்தோறும் எழுதி வந்தால், எந்தப் பருவத்தில் மாவு கெட்டாலும் காரணத்தைக் கண்டறிய முடியும். குழந்தைகளும் நோயாளிகளும் உண்ணும் உணவுக்கு இந்தக் கவனம் அவசியம்.