துத்தநாகம்: ஒரு பெயரின் இரு பாதி

எண்ணெய் வழியும் முகத்துக்கும் அடிக்கடி பரு முளைக்கும் தோலுக்கும் என்று விற்கும் பூச்சுநீர்க் குப்பியின் பின்புறத்தில் ‘ஜிங்க் பிசிஏ’ என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஜிங்க் நம் துத்தநாகம். பிசிஏ, தோலில் இயல்பாகவே இருந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஓர் அமிலத்தின் சுருக்கப்பெயர். இரண்டும் கூடிய உப்பை, முகத்தில் எண்ணெய் சுரப்பது தணியட்டும் என்று சேர்க்கிறார்கள். பின்பாதியை வேதியியலாரிடம் விடுவோம். என் மனம் துத்தநாகத்திலேயே நிற்கிறது.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். துத்த என்று வல்லினம் இரட்டித்து முட்டி, நாகம் என்று நெடிலில் இழைந்து இறங்குகிறது. ஏழிசையில் குரலுக்கு அடுத்து நிற்கும் துத்தம் வேறு; இதனோடு அதற்கு ஒலியுறவு மட்டுமே. இந்தத் துத்தம் வடமொழி வழி வந்தது. அங்கே நீலநிறச் செம்பு உப்பின் பெயர். நாமோ அந்த நீலத்தை மயில்துத்தம் என்றும், வெள்ளையான துத்தநாக உப்பைப் பால்துத்தம் என்றும் பிரித்துக்கொண்டோம். சொல் இரவல்தான், அதற்கு மயிலையும் பாலையும் அடையாக்கிய கண் நம்முடையது.

நாகமும் வடமொழியே, ஆனால் அங்கே அது பெரும்பாலும் ஈயம். சித்த மருத்துவத்தின் நாகபற்பமோ துத்தநாகத்தில் செய்வது. காரீயம், வெள்ளீயம் என நிறத்தால் பிரித்த பெயர்கள் நம்மிடம் வழங்கியதால், வந்த நாகம் மூன்றாம் உலோகத்தின்மேல் போய் அமர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இன்றும் அது வெறும் நாகம்தான்.

இணைந்த சொல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் துத்தநாகம், தெலுங்கில் துத்துநாகம் என்று தென்னாட்டில் பரவிய அதை, இந்தியக் கரையில் சரக்கேற்றிய போர்த்துகீசியர் ‘துத்தனாகா’ என்று தம் மொழிக்குக் கொண்டுபோக, அங்கிருந்து ஆங்கிலத்தில் ‘டூட்டெனாக்’ ஆகி, சீனத்து வெண்செம்புக் கலவைக்கும் பெயராய் நீண்டது. ஜிங்க் என்பதோ ஜெர்மானியச் சொல். உலையில் கூர்கூராய்ப் படிவதால், முனையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்பர் பலர்.

குப்பிகளுக்குத் தமிழில் விளக்கம் எழுதும் நண்பர்களே, கடல் கடந்து வழங்கிய சொல் கையிலிருக்க ஜிங்க் எதற்கு? துத்தநாகம் என்றே அச்சிடுங்கள்.