ஆற்று வழியே வந்த ஆங்கிலச் சொற்கள்



சென்ற தவணையில் ஆறாம் ஆண்டு ஆங்கில வகுப்பில் படகுப் பயணம் பற்றிய ஒரு பாடம் வந்தது. கேனூ, கயாக், ராப்பிட்ஸ், போர்ட்டேஜ் என்று வரிக்கு வரி புதுச் சொற்கள். பாதிப் பாடத்திலேயே ஒரு மாணவன் புத்தகத்தை மூடிவிட்டு, "சார், இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆத்துல விளையாடுற விளையாட்டு. நமக்கு எதுக்கு சார்?" என்று கேட்டான். பிறகு பள்ளிக்கு வந்த அவன் தந்தையும், "வாத்தியாரே, தோட்டத்தைத் தவிர வேற எதையும் பார்க்காத பிள்ளைங்க அவன். அவனுக்கு இங்கிலீஷ் ஏறாதுங்க" என்றார்.

"ஏறாது" என்ற அந்தச் சொல் என்னை உறுத்தியது. ஏனென்றால் நானும் அப்படி இருந்தவன்தான். பயிற்சிக் காலத்தில் ஒரு தேர்வில் போர்ட்டேஜ் என்ற சொல்லைக் கண்டு, அது காலையில் குடிக்கும் கஞ்சி என்று எழுதி வைத்தேன்! கஞ்சிக்கு ஆங்கிலத்தில் பாரிட்ஜ் என்று பெயர். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ஆகவே இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். படித்த பிறகுதான் தெரிந்தது, இவற்றில் பல வெள்ளைக்காரருக்கே இரவல் சொற்கள் என்று.

1492-இல் கொலம்பஸ் கரிபியன் தீவுகளுக்கு வந்தபோது, அங்கு வாழ்ந்த தைனோ மக்கள் மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களில் போய் வந்தார்கள். அந்த ஓடத்தின் பெயரை ஸ்பானியர் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது கேனூ என்று ஆங்கிலத்தில் சேர்ந்தது. கயாக் என்பது வடதுருவப் பக்கத்து இனுவிட் மக்கள் சீல் என்னும் கடல் விலங்கின் தோலை இழுத்துக் கட்டிச் செய்த வேட்டைப் படகு.

நம் சொல் ஏதாவது உண்டா? உண்டு. ஆங்கிலக் கட்டமரான் நம்முடைய கட்டுமரம்தான். சென்னையில் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரமிட்டு நிற்கும். கரையோர அலையில் கப்பல்காரர்களின் படகுகள் தாக்குப் பிடிக்காது. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தில் ஏறி, அந்த அலையைத் தாண்டிக் கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நம் மீனவர்கள். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட பயண நூலில் அந்தப் பெயரையே எழுதியிருக்கிறார். இப்போது ஆங்கிலத்தில் அது இரட்டை அடிப்பாகம் கொண்ட படகைக் குறிக்கிறது. பொருள் மாறினாலும் பேர் நம்ம பேர்தான்.

இனி நான் கஞ்சி என்று எழுதிய சொல்லுக்கு வருகிறேன். போர்ட்டேஜ் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. சுமந்து செல்வது என்று பொருள். வட அமெரிக்காவில் தோல் வணிகம் நடந்த காலத்தில் ஆறுதான் சாலை. வழியில் பாறைகளுக்கிடையே நீர் சீறிப் பாயும் இடம் ராப்பிட்ஸ். அங்கே படகு போகாது. ஆட்கள் இறங்கிப் படகையும் சரக்கையும் சுமந்துகொண்டு நடப்பார்கள். ஒரு மூட்டை 90 பவுண்டு. நெற்றியில் வார் மாட்டி, ஓர் ஆள் இரண்டு மூட்டை தூக்குவான். சுப்பீரியர் ஏரிக்கரையில் தொடங்கும் கிராண்ட் போர்ட்டேஜ் என்ற பாதை மட்டும் எட்டரை மைல்! நம் பெற்றோர்கள் காண்டா போட்டுப் பால் வாளி சுமந்ததை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் விளையாட்டு என்கிறோம். அந்தக் காலத்தில் அது கூலிக்குச் செய்த வேலை.

இதே போர்ட்டேஜ் நம் நாட்டிலும் இருந்தது. நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கம் ஜெம்போல் ஆறும் செர்டிங் ஆறும் மிக அருகருகே ஓடுகின்றன. ஜெம்போல் நீர் மூவார் ஆற்றில் கலந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. செர்டிங் நீர் பகாங் ஆற்றில் சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள சில நூறு மீட்டர் தரையில் படகுகளை இழுத்துச் சென்றால், தீபகற்பத்தைச் சுற்றாமலே இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்குப் போய்விடலாம். அந்த இடத்துக்குப் பெனாரிக்கான் என்று பெயர். தாரிக் என்றால் இழு. தே தாரிக் குடிக்கும் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1511-இல் மலாக்கா போர்த்துகீசியர் கைக்குப் போனதும், சுல்தான் மஹ்முட் மூவார்ப் பக்கம் பின்வாங்கி, இவ்வழியாகத்தான் பகாங் சென்றார் என்று செஜாரா மெலாயு கூறுகிறது.

இதைச் சொன்னதும் புத்தகத்தை மூடிய அந்த மாணவன் எழுந்து, "படகையும் காண்டா போட்டாங்களா சார்?" என்றான். "அங்கே தூக்கினார்கள், இங்கே இழுத்தார்கள்" என்றேன். பிறகு மற்ற சொற்கள் தானாக வந்தன. அப்ஸ்ட்ரீம் நம் ஊர்ப் பெயர்களில் வரும் உலு, டவுன்ஸ்ட்ரீம் ஹிலிர், ராப்பிட்ஸ் ஜெராம். கோலா என்பது ஆறு கடலிலோ வேறோர் ஆற்றிலோ சேரும் இடம். கோம்பாக்கும் கிள்ளானும் கூடும் இடம்தானே கோலாலம்பூர்! 1857-இல் ஈயம் தேடிப் படகில் வந்த சீனத் தொழிலாளர்கள் அங்கே இறங்கித்தான் அம்பாங்குக்கு நடந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பெனாரிக்கானுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். பஸ் வாடகைதான் இடிக்கிறது. "ஏறாது" என்று சொன்ன அந்தத் தந்தை, தானும் வருவதாக முதல் ஆளாகப் பேர் கொடுத்திருக்கிறார்.