வாப்பா சிறையில் இருக்கும்போது பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டியவை

வீட்டில் ஒருவர் சிறைக்குப் போனால் தண்டனை அவரோடு நிற்பதில்லை. அக்கம்பக்கத்துப் பேச்சு, பள்ளியில் கேலி, மாதச் செலவுக்குத் தட்டுப்பாடு என அதில் பெரும்பங்கைச் சுமப்பது பிள்ளைகள்தாம். ஒருவரின் பாவச்சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்பது குர்ஆன் (6:164) கற்றுத்தரும் நெறி. இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

உண்மையைச் சொல்லுங்கள்

"வாப்பா சவூதிக்குப் போயிருக்காங்க" என்பதுதான் நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லும் பதில். ஊரில் பலர் வளைகுடாவில் இருப்பதால் பிள்ளையும் நம்பிவிடும். ஆனால் மற்றப் பிள்ளைகளின் வாப்பா வீடியோ காலில் வருகிறார். இவன் வாப்பா வருவதில்லை. ஒருநாள் விளையாட்டுச் சண்டையில் யாராவது உண்மையைப் போட்டு உடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவன் உம்மா சொல்வதையும் நம்பத் தயங்குவான்.

சிறு பிள்ளையிடம் வழக்கின் விவரம் வேண்டாம். வாப்பா சிறையில் இருக்கிறார், இது உன்னால் நடந்ததல்ல, உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம் - இந்த மூன்றும் போதும். எப்போது வருவார் என்று கேட்டால், தெரியாத தேதியைச் சொல்லி ஏமாற்றாதீர்கள். வளர்ந்த பிள்ளைகள் செல்போனில் செய்தியைப் படித்துவிடுவார்கள். அதற்கு முன்பே நாம் சொல்லிவிடுவது நல்லது.

தொடர்பு அறுபடக் கூடாது

கடிதமும் பள்ளியில் வரைந்த ஓவியமும் சிறையில் இருப்பவருக்கும் பிள்ளைக்கும் ஆறுதல். நேரில் பார்க்க அழைத்துச் சென்றால், வரிசையில் காத்திருக்க வேண்டும், சோதனை செய்வார்கள், பேசும் நேரம் குறைவு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். திரும்பி வந்து அழுதாலோ எரிந்து விழுந்தாலோ அது இயல்புதான். அதற்காகச் சந்திப்பை நிறுத்திவிடாதீர்கள். வர மறுத்தால் வற்புறுத்தவும் வேண்டாம். தொலைவில் இருப்போர் 'இ-முலாகாத்' வழியாகக் காணொளியில் பேச வசதி உண்டா என்று சிறையில் கேட்கலாம்.

சிறையில் இருப்பது தாய் என்றால், 6 வயது வரை பிள்ளை தாயுடன் இருக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2006-ல் நெறி வகுத்துள்ளது.

கேட்டுப் பெற வேண்டிய உதவிகள்

* 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படியான உரிமை. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்க முடியாது.
* பராமரிப்புக்கு ஆளில்லாத பிள்ளைகளுக்கு 1098-ஐ அழைக்கலாம்.
* மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மாத உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தகுதி உள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும்.
* காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், குழந்தைகளுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. எண்: 15100.

ஜமாஅத்தின் பங்கு

வறுமையில் வாடும் குடும்பம் ஜகாத்துக்கு உரியது. பைத்துல்மால் மூலம் கல்விக் கட்டணத்தை நேரே பள்ளியில் கட்டிவிடலாம். புகைப்படமும் அறிவிப்பும் வேண்டாம். மக்தபில் அந்தப் பிள்ளையை யாரும் குத்திப் பேசாமல் உஸ்தாது பார்த்துக்கொள்ள வேண்டும். மாமாவோ சாச்சாவோ வாராவாரம் ஜும்ஆவுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனால், தான் தனியாக இல்லை என்பது அவனுக்குத் தெரியும். பெருநாளுக்குப் புதுத்துணி எடுக்கும்போது அவனையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்.