இருமுறை திருப்பியனுப்பப்பட்ட சிறுத்தை

1957 ஜூலையில், நுரையீரல் புற்றுநோய்க்கு ரோம் நகரில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த சிசிலிப் பிரபு ஒருவருக்குக் கடிதம் வந்தது. அவருடைய நாவலை வெளியிட இயலாதாம். மொந்ததோரி பதிப்பகம் முன்பே கைவிரித்துவிட்டது. இப்போது எயினௌதியும். மறுத்து எழுதிய எலியோ வித்தொரீனியும் சிசிலிக்காரர்தான், பேர்பெற்ற நாவலாசிரியர். ஜூலை 23 அன்று ஜுசெப்பே தோமாசி தி லாம்பெதூசா தமது 60ஆவது வயதில் காலமானார். நாவலை வெளியிட முயலுங்கள், ஆனால் நம் காசில் அச்சிட்டு அவமானம் தேடாதீர்கள் என்று வீட்டாருக்கு எழுதிவைத்திருந்தார்.

மறுத்தவர்களை மூடர்கள் என்று சொல்லமாட்டேன். அன்றைய இத்தாலிய எழுத்து போரையும் பாசிச எதிர்ப்பு வீரர்களையும் தொழிலாளர்களையும் பேசிக்கொண்டிருந்தது. இந்த நாவலிலோ, 1860இல் இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டியின் படை சிசிலியில் இறங்குகிறது. சாலினா பிரபு ஜெபமாலை சொல்கிறார், நாயோடு தோட்டத்தில் உலாவுகிறார், தன் வர்க்கம் சரிவதை அலுப்போடு பார்க்கிறார். சகோதரியின் மகன் தான்கிரேதி புதுப்பணக்காரரின் மகளைக் கட்டிக்கொள்ள, அதற்கும் தலையாட்டுகிறார். இதில் கதை எங்கே என்று யாருக்கும் கேட்கத் தோன்றும்.

தட்டச்சுப் பிரதி ஒன்று தத்துவஞானி குரோச்சேயின் மகள் எலேனாவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. ஆசிரியர் பெயர்கூட அதில் இல்லை. அவர் அதை ஃபெல்த்ரினெல்லி பதிப்பகத்துக்கு நூல்கள் தேர்ந்துகொண்டிருந்த எழுத்தாளர் ஜோர்ஜோ பஸ்ஸானியிடம் தந்தார். சில பக்கங்களிலேயே பஸ்ஸானிக்குப் புரிந்துவிட்டது. எழுதியவர் யாரென்று விசாரித்தால், 1954இல் சான் பெல்லெக்ரினோ இலக்கியக் கூட்டத்துக்குக் கவிஞர் லூச்சோ பிக்கோலோவுக்குத் துணையாக வந்து, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அதே ஒன்றுவிட்ட சகோதரர்! கைக்கு வந்த பிரதி முழுமையானதல்ல. பஸ்ஸானி சிசிலியின் பலெர்மோவுக்கே போய் மிச்சத்தைத் தேடி வாங்கினார்.

1958 நவம்பரில் 'இல் கட்டோபார்தோ' வெளிவந்தது. தமிழில் 'சிறுத்தை' எனலாம். வாசகர்கள் அள்ளிக்கொண்டார்கள். 1959இல் இத்தாலியின் ஸ்த்ரேகா இலக்கியப் பரிசும் கிடைத்தது. விமர்சகர்களின் சந்தேகம் மட்டும் தீரவில்லை. இடதுசாரிகள் பலர் இதைப் பிற்போக்கு நாவல் என்றார்கள். அந்த வாயை அடைக்க வந்தவர் பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுக் கவிஞர் லூயி அரகோன்; இதை மாபெரும் நாவல்களின் வரிசையில் வைத்துக் கொண்டாடினார். அடுத்து வந்தவர் திரைப்பட இயக்குநர் விஸ்கோந்தி: பிறப்பால் பிரபு, கொள்கையால் கம்யூனிஸ்டு. 1963இல் நாவலை வைத்து அவர் எடுத்த படம் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. அதில் நீண்டுகொண்டே போகும் நடன விருந்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

பயணம் அத்தோடு நின்றுவிடவில்லை. அச்சான நூலுக்கும் ஆசிரியரின் கையெழுத்துப் பிரதிக்கும் நிறைய வேறுபாடுகள் இருப்பது பின்னர் தெரியவந்தது. 1969இல் கையெழுத்துப் பிரதியை ஒட்டிய பதிப்பு வந்தது.

வித்தொரீனி குறையாகப் பார்த்த அந்த நிதானம்தான் நாவலின் உயிர் என்பது என் கட்சி. அவசரமாகச் சொல்லியிருந்தால் அது வெறும் வரலாற்றுக் கதையாகப் போயிருக்கும். ஒரு மனிதர் தன் காலம் முடிவதைத் தானே கண்டுகொண்டிருப்பது, மெல்லச் சொன்னால்தான் நம்மேல் இறங்கும்.

தொடக்கத்தில் அலுப்புத் தட்டினால் மூடிவைத்துவிடாதீர்கள். நடன விருந்து அத்தியாயம் வரை போய், பிறகு முடிவு செய்யுங்கள். பெந்திகோ என்ற அந்த நாயின்மேல் ஒரு கண் இருக்கட்டும். நாவலுக்கே ஏறக்குறைய அதுதான் திறவுகோல் என்று லாம்பெதூசாவே நண்பர் ஒருவருக்கு எழுதியிருக்கிறார்.